நிறமும் நிலமும்: மொரீசியசுத் தீவு காட்டும் பாடம்

மொரீசியசுத் தீவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் சங்கக் கூட்டங்களில் இரண்டு செய்திகள் தவறாமல் சொல்லப்படும். தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை என்பது ஒன்று. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. இரண்டிலும் நாம் பெருமைப்பட இடமுண்டு. எனினும் இவ்விரண்டோடு கதை முடிந்துவிட்டதாகக் கருதி நாம் கைதட்டிக் கலைந்துவிடுகிறோம். அந்தத் தீவில் தமிழர் யாரோடு வாழ்கின்றனர், அங்கே மனிதனை மனிதன் எதைக் கொண்டு அளந்தான், அந்த அளவுகோலை யார் செய்து யார் கையில் கொடுத்தார் என்னும் வினாக்களை நாம் கேட்பதில்லை. அவற்றைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆளில்லாத் தீவு

உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு 'மண்ணின் மைந்தர்' என்று சொல்லிக்கொள்ள ஒரு கூட்டத்தார் இருப்பர். மொரீசியசுக்கு அப்படி எவரும் இலர். 1598இல் டச்சுக்காரர் அங்கே கரையேறியபோது அது மனித வாசமற்ற காடு. பறக்க இயலாத டோடோ என்னும் பறவைதான் அங்கே குடியிருந்தது. டச்சுக்காரர் 1638இல் குடியேறி, கரும்பை நட்டு, கருங்காலி மரங்களை வெட்டி, 1710இல் தீவைக் கைவிட்டுச் சென்றனர். டோடோப் பறவை அதற்குள் அடியோடு அழிந்துவிட்டது. 1715இல் பிரெஞ்சுக்காரர் தீவைக் கைப்பற்றிப் 'பிரான்சுத் தீவு' என்று பெயரிட்டனர். 1810இல் ஆங்கிலேயர் வென்றனர்.

ஆகவே இன்று அங்கு வாழும் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுள் ஒவ்வொருவரின் முன்னோரும் கப்பலில் வந்தவரே. எல்லோரும் வந்தேறிகள் என்றால் எல்லோரும் சமம் என்றல்லவா முடிவாக வேண்டும்? அப்படி ஆகவில்லை. யார் கப்பலின் மேல்தளத்தில் வந்தார், யார் அடித்தளத்தில் வந்தார் என்பதே இருநூறு ஆண்டுகளுக்கு அத்தீவின் சாதியாயிற்று. அந்தச் சாதிக்கு அடையாளமாகத் தோலின் நிறம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

கறுப்புச் சட்டம்

1723இல் பிரெஞ்சு மன்னரின் பெயரால் ஓர் ஆணை இத்தீவுகளுக்காக வெளியிடப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் நடைமுறையிலிருந்த 'கறுப்புச் சட்டம்' என்பதைத் தழுவியது அது. அச்சட்டப்படி அடிமை என்பவன் அசையும் சொத்து. நாற்காலி, மாடு, மனிதன் மூன்றும் ஒரே பட்டியலில் அடங்கும். தப்பி ஓடிய அடிமைக்கு முதல் முறை காது அறுத்துச் சூடு போடுதல். இரண்டாம் முறை கால் நரம்பை வெட்டுதல். மூன்றாம் முறை மரணம். வெள்ளையர் கறுப்பரை மணத்தல் கூடாது என்பதும் அதே சட்டத்தின் விதி. மணம் தடுக்கப்பட்டதே தவிர, எசமானர் அடிமைப் பெண்ணை ஆள்வது நடைமுறையில் தடுக்கப்படவில்லை. சட்டம் மூடிய வாசலின் பின்புறத்தே ஒரு புதிய மக்கட்கூட்டம் பிறந்தது. அவர்களைப் பற்றிப் பின்னர்ப் பார்ப்போம்.

அடிமைகள் மடகாஸ்கரிலிருந்தும், மொசாம்பிக் முதலான கிழக்காப்பிரிக்கக் கரைகளிலிருந்தும் பெருவாரியாகக் கொண்டுவரப்பட்டனர். நாம் வசதியாக மறந்துவிடும் ஓர் உண்மை இங்கே உண்டு. இந்தியாவிலிருந்தும் அடிமைகள் சென்றனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்கள் 1743ஆம் ஆண்டுக்கான பகுதியை நினைவுகூரலாம். புதுச்சேரியைச் சுற்றிய ஊர்களில் ஏழை எளியவர்களை ஏமாற்றிப் பிடித்து, அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற கொடுமையை அவர் எழுதிவைத்திருக்கிறார். பிடித்துக் கொடுத்தவர்களும் நம்மவர்களே. அப்படிச் சென்றவர்கள் அங்கே ஞானஸ்நானம் பெற்று, எசமானர் இட்ட பெயரைத் தாங்கி, ஆப்பிரிக்கரோடும் மலகாசியரோடும் கலந்து, தமக்கென ஒரு மொழியும் ஊரும் இல்லாதவராயினர். அவர்களின் சந்ததியார் இன்றும் அத்தீவில் வாழ்கின்றனர்; தமிழர் என்ற கணக்கில் மட்டும் அவர்கள் வருவதில்லை.

அதே காலத்தில் வேறொரு வகைத் தமிழரும் சென்றனர். 1735இல் ஆளுநராக வந்த மஹே டி லா பூர்தொனே போர்ட் லூயி நகரைத் துறைமுகமாகக் கட்டியெழுப்பியபோது, புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர், தச்சர், கொல்லர் முதலிய கைவினைஞர்களை ஒப்பந்தத்தில் அழைத்துச் சென்றார். அவர்கள் அடிமைகள் அல்லர். கூலி பெற்ற தொழிலாளர். நகரின் ஒரு புறத்தே அவர்கள் வாழ்ந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர் வழங்கிற்று. மலபார் என்பது அன்றைய ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் குறிக்க வழங்கிய சொல். அவர்களிற் சிலர் வணிகராகி, வீடும் நிலமும் வாங்கினர். அக்காலத்துச் செல்வத்தின் இலக்கணப்படி அடிமைகளையும் வாங்கினர். ஒரே கடற்கரையிலிருந்து புறப்பட்ட இரு தமிழருள் ஒருவர் அடிமையாகவும் மற்றொருவர் அடிமையை வாங்குபவராகவும் ஒரே ஊரில் வாழ்ந்தனர் என்பது கசப்பான வரலாறு. நிறம் ஒன்றாக இருந்தும் நிலை வேறாயிற்று. நிறத்தைவிட நிலமும் பத்திரமும் வலியவை என்பதற்கு இதுவே முதற்சான்று.

1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது. அந்த ஆணையை எடுத்துக்கொண்டு 1796இல் பாரிசிலிருந்து வந்த இரு பிரதிநிதிகளைத் தீவின் தோட்ட முதலாளிகள் வெளியேற்றினர். விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மும்மந்திரம் கரும்புத் தோட்டத்தின் வேலியைத் தாண்டவில்லை.

இடைப்பட்டோர்

வெள்ளையர் ஒருபுறம், அடிமைகள் மறுபுறம். இடையே நின்றவர்களைப் பிரெஞ்சு மொழியில் 'நிறத்தார்' என்றே அழைத்தனர். கலப்பில் பிறந்தவர்களும், விடுதலை பெற்ற அடிமைகளும், முன்சொன்ன இந்தியக் கைவினைஞர்களும் இந்த ஒரே சொல்லில் அடக்கப்பட்டனர். இவர்களுக்குச் சொத்து வைத்துக்கொள்ளலாம். மரியாதை மட்டும் கிடையாது. எத்தனை தலைமுறை கடந்தும், தோல் எவ்வளவு வெளுத்தும், பாட்டியின் பெயர் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது என்பதே தீர்ப்பு.

1829இல் ஆங்கிலேய அரசு நிறத்தாருக்குச் சட்டத்தின் முன் சமவுரிமை அளித்தது. சட்டத்தில் நீங்கிய வேறுபாடு விருந்து மேசையிலும் மணப்பந்தலிலும் நீங்கவில்லை. 1843இல் ரெமி ஒலியே என்னும் இளைஞர் 'லா சாந்தினெல்' என்ற இதழைத் தொடங்கி, நிறத்தாரின் உரிமைக்காக எழுதினார். இரண்டே ஆண்டுகளில், முப்பது வயது நிரம்பும் முன்னரே அவர் இறந்தார். அவர் எழுதியது வெள்ளையரின் கதவைத் தட்டிய எழுத்து. அந்தக் கதவு சிறிது திறந்தபோது உள்ளே நுழைந்தவர்கள், தம் பின்னால் நின்ற கறுத்தவர்களுக்காக அதைத் திறந்துவைத்தார்களா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. தம்மைவிடக் கறுத்த உறவினரோடு வீதியில் பேசத் தயங்கும் குடும்பங்கள் உருவாயின. ஒடுக்கப்பட்டவன் ஒரு படி ஏறியதும் கீழ்ப்படியை உதைப்பது எந்தத் தீவுக்கும் புதிதன்று.

விடுதலையும் நட்டஈடும்

1835 பிப்ரவரி முதல் நாள் மொரீசியசில் அடிமைமுறை ஒழிந்தது. ஏறத்தாழ 21 இலட்சம் பவுன் நட்டஈடாக வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைப்பட்டவனுக்கு ஒரு காசும் இல்லை. அவனை வைத்திருந்தவனுக்கே முழுதும். மனிதனைச் சொத்து என்று ஒப்புக்கொண்ட அரசு, சொத்தை இழந்தவனுக்கு ஈடு செய்தது. விடுதலை பெற்றவனோ 'பயிற்சியாளன்' என்ற பெயரில் 1839 வரை பழைய எசமானுக்கே உழைக்க வேண்டியிருந்தது. அதன்பின் அவர்கள் தோட்டங்களை விட்டு வெளியேறினர். சவுக்கின் நினைவு நீங்காத மண்ணில் கூலிக்கும் நிற்க அவர்கள் விரும்பவில்லை. கடற்கரையில் மீன்பிடித்தும், நகரோரத்தில் கைத்தொழில் செய்தும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் பிழைத்தனர். கையில் முதலில்லை, காலடியில் நிலமில்லை. பின்னாளில் கிரியோலர் என்று அழைக்கப்பட்ட அவர்களின் வறுமைக்குச் சோம்பலைக் காரணங்காட்டியவர் பலர். அந்தச் சொல்லைத் தோட்ட முதலாளிகளிடமிருந்து கடன்வாங்கி நம்மவரும் சொல்லியதுண்டு. நட்டஈட்டுக் கணக்கைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எண்ணாக வந்தவர்கள்

அடிமைகள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப ஆள் வேண்டும். 1834 நவம்பர் 2ஆம் நாள் 'அட்லசு' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளுடன் போர்ட் லூயியில் நின்றது. அன்று தொடங்கி 1910 வரையிலான காலத்தில் நாலரை இலட்சத்துக்கு அணித்தான இந்தியர் அத்துறையில் இறங்கினர். பீகார், போஜ்பூர்ப் பகுதியினர் பெரும்பான்மையர். சென்னைத் துறைமுகம் வழியே தமிழரும் தெலுங்கரும், பம்பாய் வழியே மராட்டியரும் சென்றனர். அவர்கள் இறங்கிய படிக்கட்டு இன்று ஆப்ரவாசி காட் என்ற பெயரில் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படுகிறது.

ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய், அரிசியும் பருப்பும் அளந்து தரப்படும். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். 'இரட்டை வெட்டு' என்று அதற்குப் பெயர். 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்து வெளியேறியவர்களும் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டு வைத்திருக்க வேண்டும் என்றது. சீட்டு இல்லாதவன் நாடோடி; நாடோடி குற்றவாளி. அடிமைக்குச் சூடு போட்டார்கள். கூலிக்குப் புகைப்படம் ஒட்டினார்கள். நாகரிகத்தின் வளர்ச்சி அவ்வளவே.

இக்கொடுமையை எதிர்த்து முதலிற் குரல் கொடுத்தவர் அடோல்ப் டி பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர். 9,401 கூலித் தொழிலாளர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை 1871இல் ஆளுநருக்கு அளித்தார். அதன் விளைவாக அரச விசாரணைக்குழு ஒன்று வந்தது. அதற்காகப் பிளெவிட்ஸ் தம் நிறத்தவராலேயே நடுத்தெருவில் தாக்கப்பட்டார். வெள்ளை நிறம் கூட, வெள்ளையரின் நலத்துக்கு மாறாகப் பேசியவனைக் காக்கவில்லை.

வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயரோடு தந்தை பெயர், ஊர், சாதி, உயரம், உடலின் தழும்பு யாவும் பதிவாயின. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களே பரம்பரைப் பெயர்களாயின. அந்தப் பதிவேடுகள் மோகா என்னுமிடத்தில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இன்றும் மொரீசியசுத் தமிழர் தம் கொள்ளுப்பாட்டனின் எண்ணைத் தேடி அங்கே செல்கின்றனர். எண் கிடைத்தால் ஊர் கிடைக்கிறது. அடிமையின் சந்ததியாருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர்களின் முன்னோருக்குப் 'பூ' என்றும் 'நல்நெஞ்சன்' என்றும் பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களை எசமானர் விளையாட்டாகச் சூட்டினர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால் ஒரு தோட்டத்தின் வாயிலில் வழி முடிந்துவிடுகிறது. இழிவுபடுத்தவே எழுதப்பட்ட ஏடுகூட, எழுதப்பட்டமையால், ஒருவனுக்கு வேரைத் திருப்பித் தருகிறது. எழுதப்படாதவனுக்கு அதுவும் இல்லை.

மேட்டு நிலமும் சமவெளியும்

1860களின் இறுதியில் மலேரியாக் காய்ச்சல் தீவைச் சூறையாடிப் பல்லாயிரவரைக் கொன்றது. வசதி படைத்தோர் போர்ட் லூயியை விட்டுக் குளிர்ந்த மேட்டு நிலமான கியூர்பிப் பகுதிக்கு ஏறினர். வெள்ளையரும் செல்வமுடைய நிறத்தாரும் மேட்டில். கிரியோலர் நகரோரத்திலும் கடலோரத்திலும். இந்தியர் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள கரும்பு வயல்களின் நடுவில். தீவின் நில வரைபடமே நிற வரைபடமாயிற்று.

சர்க்கரை விலை வீழ்ந்தபோது, பெருந்தோட்டக்காரர்கள் விளைச்சல் குறைந்த ஓரங்களைத் துண்டு துண்டாக விற்றனர். சிறுகச் சிறுகச் சேமித்த இந்தியக் கூலிகள் அவற்றை வாங்கினர். இரண்டு தலைமுறையில் சிறுவிவசாயிகள் தோன்றினர். அவர்களின் பிள்ளைகள் ஆசிரியராயினர், எழுத்தராயினர், வழக்கறிஞராயினர். 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் காந்தியடிகள் அங்கே சில நாள் தங்கினார். அவர் தொடர்பால் 1907இல் மணிலால் டாக்டர் என்னும் வழக்கறிஞர் வந்து இந்தியருக்காக வாதாடினார். நிலம் கிடைத்தவன் ஏறினான். நிலம் கிடைக்காதவன் நின்ற இடத்திலேயே நின்றான். இந்தியருக்கும் கிரியோலருக்கும் இடையே பின்னாளில் வளர்ந்த மனக்கசப்பின் வேர் இங்கேயே உள்ளது.

ஒன்றுபட்ட காலமும் உண்டு

அந்தக் கசப்பு இயற்கையானதன்று. 1936இல் மொரிசு கியூரே தொடங்கிய தொழிற்கட்சியில் கிரியோல் தொழிலாளரும் இந்தியத் தொழிலாளரும் ஒரே மேடையில் நின்றனர். அதன் தலைவர்களுள் ஒருவரான எமானுவேல் ஆங்க்தில் 1938இல் ரோட்ரிக்சுத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவருக்குப்பின் கட்சியை நடத்திய கி ரோசமோன் என்பவரும் கிரியோலரே. அவர்களோடு தோளோடு தோள் நின்றவர் தமிழரான ரங்கநாதன் சீனிவாசன், சிறந்த வழக்கறிஞர், கல்வி அமைச்சராகவும் விளங்கி 1958இல் மறைந்தார்.

1943 செப்டம்பர் 27ஆம் நாள் பெல் வூ ஆரெல் என்னும் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர்மீது போலீசார் சுட்டனர். இறந்தவர்களுள் அஞ்சலை என்னும் கருவுற்ற பெண்ணும் ஒருத்தி. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்டதை நாமறிவோம். மொரீசியசின் அஞ்சலையை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அங்கே ஒரு விளையாட்டரங்கம் அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாக்குரிமை விரிந்தபோதுதான் ஒற்றுமை குலைந்தது. 1948இல் ஏதேனும் ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் வாக்களித்தனர்; 1959இல் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தனர். தலைகளை எண்ணும் முறை வந்ததும், எந்தத் தலை எந்தக் கூட்டத்தது என்ற கணக்கும் உடன் வந்தது. 1967 தேர்தலில் சிவசாகர் ராம்கூலம் தலைமையில் விடுதலை கேட்ட அணிக்கு நூற்றுக்கு ஐம்பத்தைந்து அளவிலும், எதிர்த்த அணிக்கு நாற்பத்து நான்கு அளவிலும் வாக்குகள் விழுந்தன. விடுதலை வந்தால் பெரும்பான்மை இந்துக்கள் தம்மை நசுக்கிவிடுவர் என்னும் அச்சம் கிரியோலரிடையே பரப்பப்பட்டது. 1968 சனவரியில் போர்ட் லூயியில் கிரியோலருக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மார்ச்சு 12ஆம் நாள் கொடியேறியபோது, நிறத்தாருள் வசதியுடையோர் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர்.

நான்கு கட்டங்கள்

அரசு அலுவலகத்தில் படிவங்களோடு வாழ்நாளைக் கழிப்பவன் என்ற முறையில், மொரீசியசு அரசியலமைப்பில் என் கண்ணை ஈர்த்த பகுதி அதன் முதல் அட்டவணை. நாட்டு மக்களை அது நான்கு சமூகங்களாகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீன வழியினர், பொது மக்கள். முதல் மூன்றில் எதனையும் சேர்ந்தவராகத் தம் வாழ்க்கை முறையால் தோன்றாதவர் எவரோ, அவர் 'பொது மக்கள்' எனக் கருதப்படுவார் என்பது அதன் கருத்து. தேர்தலில் குறைவான இடம் பெற்ற சமூகத்துக்கு எட்டு உறுப்பினர்வரை கூடுதலாக அளித்து ஈடுசெய்ய இப்பிரிவினை பயன்படுகிறது. சிறுபான்மையினரின் அச்சத்தைத் தணிக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடே அது.

ஆனால் அந்த நான்காவது கட்டத்துக்குள் எட்டிப் பாருங்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு அளவேயான பிரெஞ்சு வழி வெள்ளையரும் அதிலேதான். அவர்களின் முன்னோர் விலைக்கு வாங்கிய அடிமைகளின் வழியினரும் அதிலேதான். எசமானின் பேரனும் அடிமையின் பேரனும் ஒரே கட்டத்தில்! சமத்துவம் வந்துவிட்டதென்று மகிழலாமா? கட்டம் ஒன்றானதே தவிர நிலம் ஒன்றாகவில்லை. சர்க்கரையிலும் வணிகத்திலும் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் பழைய குடும்பங்களின் கையே இன்றும் ஓங்கியுள்ளது. 'மீந்தவர்' என்று பொருள்பட நிற்கும் ஒரு பெயரின் கீழ், தனக்கென ஒரு பெயரும் இல்லாதவனாகக் கிரியோலன் நின்றான். 1993இல் ரோஜர் செர்வோ என்னும் கத்தோலிக்கக் குரு இந்நிலையைக் 'கிரியோலரின் நோவு' என்று பெயரிட்டுச் சொன்னார். 1999 பிப்ரவரியில் காயா என்னும் கிரியோல் பாடகர் போலீசு காவலில் இறந்தபோது, தீவே சில நாள் தீப்பற்றியது. பல்லாண்டு அடக்கிய நோவு வெடித்த வெடிப்பு அது.

இந்து என்ற கட்டத்திலும் தமிழர் முழு மனத்தோடு அமரவில்லை. போஜ்பூரி வழியினரின் பெரும்பான்மையில் தம் அடையாளம் கரைந்துவிடுமென அஞ்சினர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற இடத்தில் 'தமிழ்' என்றே எழுதச் செய்தவர்கள் அங்கே உண்டு. மொழியே மதமாகிவிட்ட விந்தை அது. 1982 முதல் கணக்கெடுப்பில் சமூகம் கேட்கும் வினா நீக்கப்பட்டது. ஆயினும் தேர்தல் கணக்கு 1972ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையே பிடித்துக்கொண்டு நின்றது. தம்மை எந்தச் சமூகம் என்றும் சொல்ல மறுத்த வேட்பாளர்கள் தொடுத்த வழக்கு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை சென்றது. 2012இல் அக்குழு அவர்கள் பக்கம் நியாயம் கண்டது.

ரூபாய் நோட்டின் மறுபக்கம்

1998இல் மொரீசியசு புதிய ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. அதுவரை ஆங்கிலத்தை அடுத்து நின்ற தமிழ், அவற்றில் இந்திக்குப் பின் தள்ளப்பட்டிருந்தது. தமிழர் கொதித்தெழுந்தனர். தாம் அங்கே முன்னர் வந்தவர்கள், தம் இடம் பறிக்கப்படலாகாது என்றனர். அரசு நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிட்டது. இந்த வெற்றியைத்தான் நம் மேடைகளில் சொல்லி மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியில் நானும் பங்குகொண்டவனே.

ஆனால் பின்னர் ஒன்று தோன்றிற்று. தமிழும் இந்தியும் முன்பின் பார்த்துக்கொண்ட அந்த நோட்டில், தீவின் வீடுகளிலெல்லாம் பேசப்படும் கிரியோல் மொழிக்கு இடமேயில்லை. தமிழ்ப் பாட்டி பேரனை அதட்டுவதும், துறைமுகத் தொழிலாளி பாடுவதும், சந்தையில் விலை பேசுவதும் அம்மொழியில்தான். பள்ளியில் அது விருப்பப் பாடமாக ஏறியதே 2012இல்தான். அடிமைகள் கட்டிய மொழி என்பதால் அது 'உடைந்த பிரெஞ்சு' என்று நெடுங்காலம் இகழப்பட்டது. முன்னர் வந்தவர்க்கே முன்னிடம் என்று நாம் வாதிட்டால், அடிமையாக முன்னரே வந்தவனுக்கு நாம் என்ன விடை சொல்வோம்? நம் கோரிக்கை தவறென்று சொல்லவில்லை. நீதி கேட்பவன் தன் பக்கத்தில் நிற்பவனுக்கும் அதைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

அப்படிக் கேட்ட தமிழரும் அங்கே இருந்தனர். 1992 மார்ச்சு 12ஆம் நாள் நாடு குடியரசானபோது முதற் குடியரசுத் தலைவராக அமர்ந்தவர் வீராசாமி ரிங்காடு என்னும் தமிழர். அடிமை ஒழிப்பு நாளான பிப்ரவரி முதல் நாளும், கூலிகள் வந்திறங்கிய நவம்பர் 2ஆம் நாளும் இன்று அங்கே அரசு விடுமுறைகள். அடிமைமுறையின் விளைவையும் ஒப்பந்தக் கூலிமுறையின் விளைவையும் ஒருசேர ஆராய 2009இல் அமைக்கப்பட்ட உண்மை, நீதிக் குழு 2011இல் அறிக்கை தந்தது. இரு துயரையும் ஒரே ஏட்டில் எழுதத் துணிந்தமை பாராட்டத்தக்கது.

நமக்கு என்ன?

மொரீசியசில் தமிழனுக்குத் தெருப்பெயர் 'மதராசு' என்பது. அதே தீவில் 'மலபார்' என்ற சொல் இடம் மாறி, வட இந்திய வழி இந்துவை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. அடுத்துள்ள ரியூனியன் தீவிலோ மலபார் என்றால் இன்றும் தமிழ் வழியினரே. சொல்லுக்கு நிலையான பொருளில்லை. சொல்பவனின் இளக்காரமே பொருள். இந்நகரங்களில் 'மதராசி' என்ற அழைப்பைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான்கு மாநிலத்தாரையும் ஒரே சொல்லில் சுருட்டி, கறுப்பு நிறத்தை அதன் உரையாக்கிய ஏளனத்தை அவர்கள் அறிவர்.

ஆனால் நாம் அறியாததுபோல் நடிப்பது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை நாளேட்டில் மணமக்கள் பகுதியைப் பிரித்துப் பாருங்கள். 'சிவந்த நிறம்', 'கோதுமை நிறம்' என்று நம்மவர் கேட்கும் விளம்பரங்களை எண்ணிப் பாருங்கள். 1723ஆம் ஆண்டின் ஆணையை எழுதியவன் பிரெஞ்சு மன்னன். இந்த விளம்பரத்தை எழுதியவர் யார்? குறுக்கே கிடக்கும் சாதி வரியையும் சேர்த்துக்கொண்டால், தோட்டத் தீவின் பதிவேட்டுக்கும் அந்தப் பக்கத்துக்கும் அதிகத் தொலைவில்லை.

போர்ட் லூயியின் செயின்ட் குருவாப் பகுதியில், விடுதலை பெற்ற அடிமைகளிடையே தொண்டாற்றி 1864இல் மறைந்த லவால் அடிகளின் கல்லறை இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் கிரியோலரோடு இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே நடந்து வந்து மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். தைப்பூசத்தன்று காவடி தூக்குவோரிடையே கிரியோல் முகங்களையும் காணலாம். அவர்களுள் சிலரின் நரம்பில், 1743இல் புதுச்சேரிக் கரையில் பிடித்துச் செல்லப்பட்ட யாரோ ஒரு தமிழச்சியின் குருதி ஓடக்கூடும். எந்தப் பதிவேட்டிலும் அவள் எண் இல்லை. எந்தக் கட்டத்திலும் அவள் பெயர் இல்லை.

கடல் கடந்த தமிழரைப் பற்றி அடுத்த முறை நாம் பேசும்போது, நோட்டில் இடம் பெற்ற எழுத்தோடு, ஏட்டில் இடம் பெறாத அவளையும் நினைத்துக்கொள்வோம். அவள் வழிவந்தவன் எந்த நிறத்தில் வந்து நம் வாசலில் நின்றாலும் 'வாருங்கள்' என்று சொல்ல நமக்கு மனம் வேண்டும். அந்த மனம் இருந்தால்தான் நாம் தமிழ்ச் சங்கம் என்று பலகை மாட்டிக்கொள்வதற்குப் பொருளுண்டு.